ஒரே தாய் வயிற்று எண்ணூறு பேர்

"சொந்தத் தங்கச்சியக் கட்டிக்கப் பாக்குறியே, நீயெல்லாம் மனுஷனா?"

நிக்காஹ் பதிவாளர் ஷேக் அப்பாஸ் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். அவர் மேசையில் இருந்த கம்ப்யூட்டர் சிவப்பாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

கரும்புச்சாறுக் கடை ஸக்லூல் திரும்பிப் பின்னால் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. தன்னைத்தான் கேட்கிறார்.

"யாரு ஷேக் தங்கச்சி?"

"இதோ நிக்குதே, இந்தப் பொண்ணு. கரீமான் பின்த் பய்யூமி. ரெண்டு பேருக்கும் ஒரே தாய்னு வருது. அஸ்தக்ஃபிருல்லாஹ்! என் ஆபீஸ்ல நடக்கணுமா இது!"

ஸக்லூலுக்கும் கரீமானுக்கும் நிச்சயமாகி ஏழு வருஷம் ஆகிறது. கெய்ரோவில் வீட்டுச் சாமான் முழுக்கச் சேராமல் கல்யாணம் இல்லை. கட்டில் ஒரு வருஷம், சோபா ஒரு வருஷம், யாரும் ஒருநாளும் எடுத்துக் குடிக்கப்போகாத கிளாஸ்களை அடுக்கிவைக்கக் கண்ணாடி அலமாரி இரண்டு வருஷம் என்று காலம் போய், கடைசியில் பெண் வீட்டார் பங்காக ஃப்ரிட்ஜும் வந்து இறங்கிவிட்டது. வியாழக்கிழமை கல்யாணம். செவ்வாய்க்கிழமை பேரைப் பதியலாம் என்று வந்தால் இந்தக் கூத்து.

பெண்ணைப் பெற்ற ஹாஜி பய்யூமி, தச்சுவேலைக்காரர், மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏழு வருஷமா என் வீட்ல வந்து வாத்துக்கறி தின்னியே. இத ஏண்டா சொல்லல?"

"ஹாஜி! நான் உங்க மகனா?"

"எனக்கு எப்படித் தெரியும்? கம்ப்யூட்டர்ல வருதுங்கறாரே!"

"அப்பா," என்றாள் கரீமான், "எனக்கு அண்ணன் ஒருத்தன் பொறந்திருந்தா அன்னிக்கு நீங்க வீட்ல இருந்திருப்பீங்க இல்ல?"

"நீ சும்மா இரும்மா. அரசாங்கம் பொய் சொல்லுமா?" பய்யூமி தோள்துண்டை உதறிப் போட்டார். "ஸக்லூல், இந்தா பாரு. வியாழக்கிழமைக்குள்ள நீ மாப்பிள்ளையா மகனான்னு எழுத்துல வரணும். வரலேன்னா குவைத்துலேர்ந்து இவ சித்தப்பா பையன் வர்றான். பொண்ணும் அவனுக்கு. ஃப்ரிட்ஜும் அவனுக்கு."

இப்படித்தான் ஸக்லூல், ஊரார் விவரத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கும் மாபெரும் ஒத்துப்பார்ப்பு ஆணையத்துக்குப் போய்ச் சேர்ந்தான்.

ஆணையத்தின் கூடம் ரயில் நிலையம்போல நீண்டு கிடந்தது. சுவரில் ஆள் உயர எழுத்தில் 'ஒரு கேள்வி, ஒரு பதில்' என்று எழுதியிருந்தார்கள். நடுவில் ஒரு மேடை, மேடையில் ஒரு மைக். முதல் ஜன்னலுக்குப் பின்னால் மதாம் நாஹித் மடியில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு, ராத்திரிச் சமையலுக்குச் சின்னச் சுரைக்காய்களைக் குடைந்துகொண்டிருந்தாள். ஒரு கையால் குடைந்தாள், மறு கையால் தட்டினாள்.

"ஸக்லூலா? மப்ரூக் தம்பி, வாழ்த்துகள். உனக்குக் கூடப்பொறந்தவங்க எண்ணூறு சொச்சம் பேர்."

"மதாம், எங்கம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை."

"அது உனக்குத் தெரிஞ்சது. எங்களுக்குத் தெரிஞ்சத சொல்றேன், கேளு. ஆளுங்க டேபிள்னு ஒண்ணு இருக்கு. அதுல உன் நம்பரைப் பிடிச்சா பக்கத்துல உங்கம்மா பேர் இருக்கும். அந்தப் பேரைத் தூக்கிக்கிட்டு அம்மாக்கள் டேபிளுக்குப் போவோம். அங்க அந்தப் பேருக்கு நேரா எந்தக் குடும்பம் இருக்கோ, அதை எடுத்துட்டு வருவோம். உங்கம்மா பேர் ஹவ்வான்னு இருக்கு. அந்தப் பொண்ணுக்கும் ஹவ்வா. உங்க தச்சர் சந்துல அத்தனை பேருக்கும் ஹவ்வா. ஒரே அம்மா, ஒரே குடும்பம். இதுல என்ன குழப்பம்?"

"ஆனா அங்க எழுதியிருக்கிறதே தப்பாச்சே!"

மதாம் நாஹித் குடைந்த சுரைக்காயை வெளிச்சத்தில் தூக்கி, ஒரு கண்ணை மூடி, உள்ளே பார்த்தாள்.

"தம்பி, துளை போடறது என் வேலை. உள்ள அரிசி வெக்கிறது வேற செக்ஷன்."

ஸக்லூலுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. வருஷங்களுக்கு முன்னால் ஒருநாள், கணக்கெடுக்க ஓர் இளைஞன் மடிக்கணினியோடு தச்சர் சந்துக் காப்பிக்கடைக்கு வந்தான். பேர் கேட்டான், சொன்னார்கள். தொழில் கேட்டான், பெருக்கிச் சொன்னார்கள். "தாயார் பேர்?" என்றான். காப்பிக்கடையே ஊமையாகிவிட்டது.

தச்சர் சந்தில் ஒருத்தன் எவ்வளவு கடனாளி என்பது சந்துக்கே தெரியும். எவன் பெண்டாட்டியிடம் அடி வாங்கினான் என்பதும் தெரியும். ஆனால் அம்மா பேரை மட்டும் ஆண்பிள்ளை வெளியில் சொல்ல மாட்டான். முன்பு ஒரு சின்னப் பையனின் அம்மா பேர் எப்படியோ வெளியே வந்து, பையன்கள் அதை ராகம் போட்டுப் பாடிப் பாடி, அவன் குடும்பம் வேறு பேட்டைக்கே குடிபோயிற்று. அன்றைக்கும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள், ஹூக்காவைப் பார்த்தார்கள். "ஏதாவது போட்டுக்கோ தம்பி" என்றார் ஹாஜி பய்யூமி. அந்த இளைஞன் ஏதோ போட்டான். என்ன போட்டான் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது தெரிகிறது. ஆதித்தாய் ஹவ்வா பேரைப் போட்டிருக்கிறான். நாகரிகம் தெரிந்த பையன் என்றுதான் ஸக்லூலுக்குத் தோன்றியது.

"சரி மதாம், மாத்திக்கிறேன். ஒரு தாள் குடுங்க, எழுதித் தர்றேன்."

"எழுத்துல நம்பிக்கை போனதாலதானே கம்ப்யூட்டர் வாங்கினோம்? வாயால சொல்லணும். அந்த மைக்ல, அம்மா பேரை, மூணு தடவை. யாருக்காவது ஆட்சேபம் இருந்தா அங்கேயே எந்திரிச்சுச் சொல்லணுமில்ல?"

ஸக்லூல் மேடையைப் பார்த்தான். மேடையை ஒட்டின வரிசையில் தச்சர் சந்தே நின்றது. முடிதிருத்தும் அஷ்மாவி, மீன் வறுக்கும் துஸூகி, துஸூகியின் நான்கு மைத்துனர்கள். எல்லோருக்கும் அதே வழக்கு, எல்லோரும் அதே மைக்கைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்கள். ஸக்லூல் துணிந்து மேலே ஏறினான்.

"எங்கம்மா பேரு…"

அஷ்மாவி காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டான்.

"எங்கம்மா பேரு… எங்கம்மா… ரொம்ப நல்லவங்க" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு இறங்கிவிட்டான்.

இறங்கியவன் வழி தப்பி நுழைந்தது வெற்றுப் பிரிவு. அங்கே ஒரு பெஞ்சில் ஷஃபீக் என்ற மனிதர் மண்ணெண்ணெய் அடுப்பில் டீ போட்டுக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க. என்னைத் தேடினாங்க, எனக்கு நேரா ஒண்ணும் இல்லையாம். வெற்றுன்னு வந்துடுச்சு."

"வீட்டுக்குப் போகலையா?"

"விலாசமும் வெற்று. இல்லாத வீட்டுக்கு எப்படி அனுப்பறதுன்னு இங்கயே வெச்சுட்டாங்க."

"சம்பளம்?"

"வெற்று. சர்க்கரை ரெண்டா?"

டீயைக் குடித்துவிட்டு ஸக்லூல் நேராகத் தலைமை இயக்குநர் அறைக்கே போனான். டாக்டர் ராஃபத் பே, பணக்காரர்கள் வாழும் ஸமாலெக் தீவிலேயே பிறந்து, நைல் காற்றையே குடித்து வளர்ந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர். அவன் சொன்னதைக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு மேசை மீதிருந்த குட்டி மைக்கை இயக்கினார். அறையில் இருந்தது ஸக்லூல் ஒருத்தன்தான்.

"சகோதரரே! இந்த ஆணையத்துல இன்னிக்கு வரை ஒரு தவறும் நடந்ததில்ல. தவறு நடந்தா வெற்றுன்னு வரும். வெற்று தவறில்ல, அது ஒரு பதில். சில கேள்விக்கு ரெண்டு மூணு பதில் வந்து நிக்கும். அப்போ மெஷின் அலறும். நாங்க என்ன செய்யறோம்? அகரவரிசையில முன்னாடி இருக்கிறத எடுத்துக்கறோம். அலறல் நின்னுடும். ஒரு கேள்விக்குப் பத்துப் பதில் இருந்தா அதுக்குப் பேர் சந்தை. ஒரே பதில் இருந்தா அதுக்குப் பேர் நிர்வாகம்!"

"பாஷா, எனக்குக் கல்யாணம்…"

"உங்க சந்து எங்க பெருமை! எண்ணூறு பேர், ஒரே தாய், ஒரு அலறல் இல்ல! வெளிநாட்டுக்காரங்க வந்து பாத்துட்டுப் போறாங்க. அந்த டேபிளோட முதல் வரியை, உங்க காப்பிக்கடையில உக்காந்து, இந்தக் கையாலதான் நான் அடிச்சேன்." அவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். ஸக்லூலும் மரியாதைக்காக அதைப் பார்த்தான். பழைய இளைஞனின் முகம் அந்தத் தாடைக்குள் எங்கோ இருந்தது. "முதல் வரியை அடிச்சேன், மூலையைப் பிடிச்சு அப்படியே கீழ வரைக்கும் இழுத்தேன். சரசரன்னு ரொம்பிடுச்சு. மத்தவங்க ஒரு மாசம் எடுத்த வேலை, நான் காப்பி ஆறுறதுக்குள்ள முடிச்சேன். அதுக்குத்தான் இந்த நாற்காலி."

ஸக்லூல் வீடு திரும்பியபோது சந்து கலகலத்துக்கொண்டிருந்தது. குடும்பம் ஒன்று என்றால் ரொட்டி அட்டையும் ஒன்றுதானாம். எண்ணூறு பேருக்குச் சேர்த்து ஐந்து ரொட்டி வந்திருந்தது. அதில் ஒன்று கருகல். பள்ளிக்கூடத்திலிருந்து ஸக்லூலுக்கு ஆள் வந்தது, பதிவில் பிற்பாடு சேர்ந்த அவனுடைய ஆறு வயதுத் தம்பி வாத்தியாரைக் கடித்துவிட்டானாம். அஷ்மாவி சவரக்கத்தியைத் தீட்டிக்கொண்டே கரும்புச்சாறுக் கடையை அளவெடுத்தான்.

"அண்ணே, பாகம் பிரிச்சா மெஷின் வெச்ச பக்கம் எனக்கு. சின்னவனுக்கு விட்டுக் குடுக்கணும்."

உள்ளே அம்மா பாவாடை நுனியைச் செருகிக்கொண்டு தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். உம்மு ஸக்லூல், அதாவது ஸக்லூலின் அம்மா, என்பார்கள் அவளை. ஸக்லூலைப் பெற்றதற்கு முன்னால் என்னவென்று அழைத்தார்கள் என்பது சந்தில் யாருக்கும் தெரியாது.

"என்னடா, சொன்னியா?"

"எப்படிம்மா? அத்தனை பேர் மத்தியில…"

"ஏன், என் பேர் என்ன கஞ்சாவா, மடியில ஒளிச்சுக் கொண்டுபோக?"

"அஷ்மாவி இருந்தான்மா. அவன் பாட்டு கட்டுவான்."

"கட்டட்டுமே! கேட்டுட்டுப் போறேன்." அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "உங்கப்பா போனதோட அந்தப் பேரும் போச்சு. கரண்ட் பில்லு அவர் பேர்ல வருது. பால்காரன் உம்மு ஸக்லூல்ங்கிறான். டாக்டர் ஹாஜியம்மாங்கிறாரு. சமயத்துல எனக்கே ஞாபகம் வர கொஞ்ச நேரமாவுது. நீயாவது ஒருதடவை வாய் விட்டுச் சொல்லுவேன்னு பாத்தேன்."

ஸக்லூல் வாயைத் திறந்தான். ஜன்னலுக்கு வெளியே அஷ்மாவியின் நிழல் நின்றது. வாயை மூடிக்கொண்டான்.

"சரி விடு," என்றாள் அம்மா. "என் செருப்பு எங்க?"

மறுநாள் காலை ஆணையத்தின் கூடத்துக்குள் உம்மு ஸக்லூல் நுழைந்தபோது அவளுக்குப் பின்னால் மகனும், கரீமானும், வேண்டாவெறுப்பாக ஹாஜி பய்யூமியும் வந்தார்கள். தச்சர் சந்து இன்றும் மைக்கைப் பார்த்தபடி வரிசையில் நின்றது. மதாம் நாஹித் இன்று திராட்சை இலை சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இந்தப் பையனோட அம்மா யாருன்னு பாரு."

"ஹவ்வா."

"ஸக்லூல், நான் யாருடா?"

"எங்கம்மா."

"சத்தமா."

"எங்கம்மா!"

"கேட்டியா மதாம்? இவன் அம்மா ஹவ்வா. இவன் அம்மா நான். அப்ப நான் யாரு?"

மதாம் நாஹித் சுருட்டுவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். சுவரைப் பார்த்தாள். ஒரு கேள்வி, ஒரு பதில். அவள் எழுந்து நின்று தலையைக் குனிந்தாள்.

"வாங்க ஹவ்வாம்மா. இத்தனை வருஷமா உங்களைத்தான் தேடிட்டிருந்தோம்."

"உக்காரும்மா. தாய் தன் பிள்ளைங்களை வேணாம்னு சொல்லலாமா?"

"நேர்ல வந்தா சொல்லலாம். விதியில இருக்கு. இதுவரைக்கும் நீங்க வரல."

"வந்துட்டேன். இந்த கரீமான் எனக்கு மகளா வேணாம், வெட்டி விடு. மருமகளா சேத்துக்கறேன்."

மதாம் நாஹித் ஒரு பொத்தானைத் தட்டினாள். "வெட்டியாச்சு. இப்போ பொண்ணுக்கு அம்மா வெற்று."

"வெற்றுன்னா?" ஹாஜி பய்யூமி பதறினார். மூலையில், திறந்து கிடந்த வெற்றுப் பிரிவில், ஷஃபீக் டீ ஆற்றிக்கொண்டிருப்பது அவர் கண்ணில் பட்டது.

"வெற்றை யார் வேணா ரொப்பிக்கலாம். அவங்களே சொல்லலாம். மைக்ல."

பய்யூமி தடுப்பதற்குள் கரீமான் மேடையில் இருந்தாள்.

"எங்கம்மா பேரு பஹீகா! பஹீகா! பஹீகா! நல்லாக் கேட்டுச்சா, இன்னொரு தடவை சொல்லட்டுமா?"

பய்யூமி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பொத்தின கையை மெதுவாக எடுத்துப் பார்த்தார். கூரை இடிந்து விழவில்லை. அஷ்மாவி பாட்டுக் கட்டவில்லை. மீன்காரன் துஸூகி மட்டும், "நல்ல பேரா இருக்கே ஹாஜி, இத்தனை நாள் ஏன் ஒளிச்சு வெச்சீங்க?" என்றான்.

"மிச்சப் பிள்ளைங்க யார் யாரு? படி, கேப்போம்," என்றாள் உம்மு ஸக்லூல்.

மதாம் நாஹித் திரையை மேலே தள்ளி முதல் வரிக்குப் போனாள். அவள் குரல் மைக் வழியாகக் கூடம் முழுக்கப் போயிற்று.

"முதல் பிள்ளை. ராஃபத்… அப்துல் முஇஸ்… பிறந்த இடம், தச்சர் சந்து…"

சத்தம் கேட்டுத் தன் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்த டாக்டர் ராஃபத் பே அப்படியே நின்றார். எண்ணூறு தலைகளில் பாதி அங்கேயே இருந்தது, அந்தப் பாதி முழுக்க அவர் பக்கம் திரும்பியது.

"அது… அது சோதனை வரி," என்றார்.

"ஸமாலெக்குன்னாங்களே?" என்றான் அஷ்மாவி.

"சோதனை வரின்னா வெட்டிடு மதாம்," என்றாள் உம்மு ஸக்லூல். "இவ்வளவு பெரிய பிள்ளைக்குச் சோறு போட என்னால ஆகாது."

மதாம் நாஹித் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு, சட்டப்படி, விளைவுகளை வாசித்தாள். "வெட்டினா சாருக்கு அம்மா வெற்று. அம்மா வெற்றுன்னா குடும்பம் வெற்று. குடும்பம் வெற்றுன்னா விலாசம் வெற்று. விலாசம் வெற்றுன்னா பதவி, சம்பளம், கார்…"

ஷஃபீக் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். "வாங்க சார். சர்க்கரை எத்தனை?"

"இல்லேன்னா சார் மைக்ல அவங்கம்மா பேரைச் சொல்லிடலாம்," என்றாள் மதாம் நாஹித். "மூணே தடவை."

டாக்டர் ராஃபத் பே மைக்கைப் பார்த்தார். இருபது வருஷமாக அதன் முன்னால் நின்று என்னென்னவோ பேசியிருக்கிறார். இப்போது உதட்டை நனைத்துக்கொண்டார், தொண்டையைச் செருமினார், கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். பிறகு ஓடி வந்து ஜன்னலருகே உம்மு ஸக்லூலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா! என்னை மட்டும் வெட்டிடாதீங்கம்மா!"

உம்மு ஸக்லூல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சொன்ன பேச்சு கேப்பியா?"

"கேக்கறேன்."

"உன் தம்பி தங்கச்சிங்களுக்கு ஆளுக்கு அஞ்சு ரொட்டி இன்னிக்கே வரணும். அந்த டீக்காரரை வீட்டுக்கு அனுப்பு, அவருக்கு வீடு எதுன்னு அவருக்கே தெரியும். ஷேக் அப்பாஸுக்குக் கல்யாணத்துக்குச் சம்மதச் சீட்டு. அப்புறம் நாளைக்கு மூத்தவனா லட்சணமா வந்து, ஃப்ரிட்ஜை மாடிக்கு ஏத்து. இந்தப் பயலுங்க யாருக்கும் முதுகு சரியில்ல."

வியாழக்கிழமை சாயங்காலம் தச்சர் சந்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வண்ண விளக்குச் சரம் தொங்கியது. பந்தலில் மைக்செட்காரன், வழக்கப்படி, வந்தவர் போனவர் பேரையெல்லாம் கூவி வாழ்த்திக்கொண்டிருந்தான். "மீன்கடை துஸூகிக்குச் சலாம்! சவரக்கடைச் சிங்கம் அஷ்மாவிக்குச் சலாம்!" மணமேடையில் கரீமான் ஸக்லூலின் விலாவில் முழங்கையால் ஒரு குத்து விட்டாள்.

"நான் எங்கம்மா பேரை ஊருக்கே சொன்னேன். நீ?"

ஸக்லூல் எழுந்தான். மைக்கை வாங்கினான். மைக் கிய்யென்று கத்தியது.

"இந்தச் சலாம்…" என்றான். "இது எங்கம்மாவுக்கு. எங்கம்மா… தஃபீதாவுக்கு."

பெண்கள் பக்கம் தாளம் தட்டிக்கொண்டிருந்த ஒரு கை அந்தரத்தில் நின்றது.

"தஃபீதா!" என்றான் மறுபடி. இப்போது குரல் உடையவில்லை. "எங்கம்மா பேரு தஃபீதா! தெரிஞ்சுக்குங்க எல்லாரும்!"

அம்மா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். உடனே முக்காட்டைத் தள்ளிவிட்டு, சந்தே அதிரக் குலவையிட்டாள்.

அப்புறம் மைக்கைப் பிடுங்க அடிதடியாகிவிட்டது. "எங்கம்மா ஹிக்மத்!" என்றான் துஸூகி. மைத்துனர்கள் நால்வரும் ஒரே குரலில், "நபவிய்யா!" என்றார்கள். அஷ்மாவி அம்மா பேரைச் சொல்லிவிட்டு, அதைத் தானே ராகம் போட்டுப் பாட, கூட்டம் கோரஸ் பாடியது. ஹாஜி பய்யூமிக்கு எழுபது வயது, பெண்டாட்டி பேர் ஏற்கெனவே போய்விட்டது, இனி என்ன என்று தன் அம்மா பேரையும் சொல்லி ஒரு பாட்டம் அழுதார்.

அந்த நேரத்தில் மாடிப்படி அடியில், முதுகில் ஃப்ரிட்ஜைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு, கோட்டும் டையுமாக டாக்டர் ராஃபத் பே நின்றிருந்தார்.

"மூத்த அண்ணனும் சொல்லட்டும்!" என்று எவனோ கத்தினான். மைக் கை மாறிக் கை மாறி அவர் வாய்க்கு வந்தது.

அவர் முதுகுக் கயிற்றை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"ஹவ்வா," என்றார்.

"டேய், அது கம்ப்யூட்டர் பேரு! நிஜப் பேரைச் சொல்லு!"

"நிஜப் பேரே அதான்." அவர் கண் கலங்கியது. "எங்கம்மா ஹவ்வா. இந்த மூணாவது வாசல்ல ஊறுகாய் வித்துட்டு இருந்தாங்க. நான் சின்னப் பையனா இருக்கும்போது அவங்க பேரைப் பாடிப் பாடித்தான் எங்களைக் குடிபோக வெச்சாங்க. அன்னிக்குச் சோதனைக்காக முதல் வரியில என் பேரையும் எங்கம்மா பேரையும் போட்டேன். நீங்க யாரும் வாய் திறக்கல. அதையே பிடிச்சுக் கீழ வரைக்கும் இழுத்துட்டேன்."

தட்டில் அடைத்த சுரைக்காயோடு நின்ற மதாம் நாஹித் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.

"அப்ப எங்க டேபிள்ல ஒரு வரி சரிதான்," என்றாள், ஆணையத்தின் சார்பில், பெருமையாக.

"ஊறுகாய்க்கார ஹவ்வா!" துஸூகி நெற்றியில் அடித்துக்கொண்டான். "அந்த எலுமிச்சை ஊறுகாய் மாதிரி இன்னிக்கு வரைக்கும் நான் தின்னதில்ல. அவங்க பேரையா மறைச்சே?"

ராஃபத் பே மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக தஃபீதாவிடம் திரும்பினார். குரலில் பழைய ஆணையம் லேசாக எட்டிப் பார்த்தது.

"அப்படின்னா… சட்டப்படி நீங்க ஹவ்வா இல்ல. எங்கம்மாவும் இல்ல. அப்ப இந்த ஃப்ரிட்ஜ்…"

"ஒருநாள் அம்மான்னு கையப் பிடிச்சா அம்மாதான்டா," என்றாள் தஃபீதா. "நாலாவது மாடி. பாத்துத் தூக்கு, கதவு சுவத்துல உரசிடப் போகுது."